ஆறப்போட்ட மண்

கம்பிக் கொக்கியை செப்டிக் டேங்கின் டீ (T) பைப்புக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தேன். முதலில் நூல் வந்தது. சாம்பல் நிறம், பிசுபிசுப்பு, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நூலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பனியன் துண்டு. அதைச் சுற்றிக்கொண்டு இன்னொன்று. கடைசியாக வந்த துண்டை வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். துணி நைந்திருந்தது, பாலியஸ்டர் நூலில் போட்ட ஓவர்லாக் தையல் மட்டும் பிரியாமல் அப்படியே இருந்தது. தொட்டிக்குள் போனதெல்லாம் மக்கிவிடும் என்று நம்புகிறவர்களிடம் காட்ட அந்தத் துண்டைக் காயவைத்து இன்றும் என் வேலைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

15 வேலம்பாளையம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு லைன் வீடு அது. 12 அறை, ஏறக்குறைய 40 பேர், ஒரு செப்டிக் டேங்க், ஒரு உறைக்குழி. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. திண்ணையில் உட்கார்ந்தபடியே நிலைமையைச் சொன்னார்.

"எம்பட வூட்டுக்காரரு இருந்தப்ப நாலு ரூமுக்குக் கட்டுனது கண்ணு. அப்பறம் ரூமு ஏறுச்சு, தொட்டி ஏறல. இப்ப வாரத்துக்கு ஒரு லாரி. அப்பவும் மூடியோரத்துல பொங்குது. புள்ளைங்க அதை மிதிச்சுட்டுத்தான் கம்பெனிக்குப் போறாங்க. பெருசா இன்னொரு குழி தோண்டிக் குடுத்துரு."

"குழி தோண்டறது ஒரு நாள் வேலைங்க ஆத்தா. மண்ணு குடிக்குமான்னு பாக்கோணும். அதுக்கு ரெண்டு நாள் குடுங்க" என்றேன்.

மண் குடிக்குமா என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு இருபது வருடம் ஆனது.

*

எங்கள் குடும்பம் கிணற்று வேலைக் குடும்பம். அப்பாரு, அதாவது தாத்தா, தோட்டத்துக் கிணறுகளுக்குச் சுற்றுக்கல் கட்டியவர். அப்பா சிமெண்ட் உறை வார்த்து இறக்கினார். நான் 1991இல் கடப்பாரை பிடித்தபோது ஊரைச் சுற்றிக் காடுதோட்டமெல்லாம் சைட்டாக மாறிக்கொண்டிருந்தது. பனியன் கம்பெனி பெருகப் பெருக ஆட்கள் வந்தார்கள். மதுரைப் பக்கமிருந்தும் தேனிப் பக்கமிருந்தும், பிறகு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும். அவர்கள் தங்க லைன் வீடுகள் எழுந்தன. சாக்கடை இல்லாத இடத்தில் வீடு வந்தால் உறைக்குழி வந்தாக வேண்டும். தண்ணீர் எடுக்க உறை இறக்கிய அதே கைகளால் கழிவு விட உறை இறக்கினோம். வேலை ஒன்றுதான், திசைதான் மாறியது என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாலடி அகல உறை ஆறு. ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, இடுக்கையெல்லாம் சிமெண்ட் பூசி அடைத்து, மேலே மூடி போட்டுக் கொடுப்போம். பூச்சு வழவழப்பாக இருந்தால் வீட்டுக்காரர் திருப்திப்படுவார். தண்ணீர் மண்ணுக்குப் போக வேண்டிய குழியின் இடுக்கை ஏன் அடைக்கிறோம் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. அடி மண் வழியாக மட்டும் ஒன்றிரண்டு வருடம் இறங்கும். பிறகு நிற்கும். அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருப்போம்.

ஒரு சிவில் இன்ஜினியர்தான் கண்ணைத் திறந்துவிட்டார். ஐ.எஸ். 2470 என்று ஒரு இந்தியத் தர விதி இருக்கிறது, இரண்டு பாகம்; முதல் பாகம் தொட்டிக்கு, இரண்டாம் பாகம் முழுக்கத் தொட்டியைத் தாண்டி வெளியே வரும் தண்ணீருக்கு. "தொட்டிக்கு எவ்வளவு பக்கமோ தண்ணிக்கும் அவ்வளவு பக்கம் எழுதியிருக்காங்க பாருங்க மேஸ்திரி" என்றார். 1895இல் இங்கிலாந்தில் எக்சீட்டர் என்ற ஊரில் டொனால்ட் கேமரூன் என்பவர் இந்தத் தொட்டிக்கு செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்த நாளிலிருந்து எல்லோரும் தொட்டியைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது அந்த இன்ஜினியரின் வருத்தம். இப்போது அது என்னுடைய வருத்தமாகவும் ஆகிவிட்டது.

*

தொட்டி செய்வது பாதி வேலைதான். உள்ளே வந்த கழிவு ஒரு நாளாவது அசையாமல் நின்றால் கனமானது அடியில் மண்டியாகத் தங்கும், எண்ணெயும் நுரையும் மேலே ஆடையாகப் படியும், நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர் டீ பைப் வழியாக வெளியே போகும். அந்தத் தண்ணீர் கண்ணுக்குத்தான் தெளிவு. கிருமி அத்தனையும் அதில் இருக்கும். அதைச் சுத்தம் செய்வது மண். மண்ணுக்குள் இருக்கும் காற்றும், அந்தக் காற்றில் வாழும் நுண்ணுயிர்களும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிடத் தோண்டித் தெரிந்துகொண்டதுதான் அதிகம். செத்துப்போன ஒரு குழிக்குப் பக்கத்தில் ஒருமுறை இன்னொரு குழி எடுத்தோம். இரண்டுக்கும் இடையே இருந்த மண் சரிந்து விழுந்ததில் பழைய குழியின் சுவர் வெட்டுமுகமாகத் தெரிந்தது. உறையை ஒட்டி ஒரு விரல் தடிமனுக்குக் கன்னங்கரேல் என்று ஒரு தோல். நகத்தால் சுரண்டினால் வழுக்கியது. அழுகிய முட்டை வாடை. அந்தத் தோலுக்கு அப்பால் ஒரு சாண் தள்ளிச் செம்மண் உலர்ந்து, உதிரியாக, விதைக்கிற பக்குவத்தில் இருந்தது. ஒரு விரல் தடிமன் தோலுக்கு இந்தப் பக்கம் குழி நிறையத் தண்ணீர், அந்தப் பக்கம் தாகத்தோடு மண். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கறுத்த தோலில் ஒரு கட்டியைச் சட்டியில் போட்டு வெயிலில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் ஓரமெல்லாம் பழுப்பாகியிருந்தது. மூன்றாம் நாள் வாடை இல்லை. கறுப்பு என்பது இரும்பும் கந்தகமும் காற்றில்லாத இடத்தில் சேர்ந்த நிறம். காற்றுப் பட்டால் மாறிவிடும். அந்தத் தோலும் அப்படித்தான். மெல்லியதாக இருக்கும்வரை அது நல்லது, கிருமியை வடிகட்டி நிறுத்துவதே அதுதான். நாள் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியே கிடந்தால் தடித்துக்கொண்டே போகும். தண்ணீரை நிறுத்திக் காற்றை விட்டால் மண்ணில் இருக்கும் உயிர்களே அதைத் தின்று தீர்த்துவிடும். அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

காங்கேயம் பக்கம் என் மனைவியின் ஊர். அங்கே கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் உண்டு. கிளுவை வேலி கட்டிப் பட்டி பட்டியாகப் பிரித்து, ஒரு பட்டியில் மாடு மேயும்போது இன்னொன்றை ஆறப்போடுவார்கள். மேய்ந்த காட்டைத் திரும்பத் திரும்ப மேய்த்தால் கொழுக்கட்டைப்புல் வேரோடு போய்விடும் என்று அங்கே பிறந்த சிறுபிள்ளைக்கும் தெரியும். என் மாமனார் மாட்டைப் பட்டி மாற்றி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைக்குழியை மாற்றி விட வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. கொறங்காட்டுக்காரர்கள் வெகுகாலமாகச் செய்துவருவதைத்தான் நான் நிலத்துக்கு அடியில் செய்கிறேன்.

*

சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலை பழகிய காலத்தில், பல்லடம் போகும் வழியில் ஒரு வீட்டுக்கு உறைக்குழி நிரம்பிவிட்டது என்று கூப்பிட்டார்கள். தோட்டத்தில் தண்ணீர் வற்றிப்போன 600 அடி போர் ஒன்று சும்மா கிடந்தது. குழியிலிருந்து ஒரு பைப்பை இழுத்து அந்தப் போருக்குள் விட்டுக் கொடுத்தோம். ஒரு காலைப்பொழுது வேலை. அதன்பிறகு அந்த வீட்டில் குழி நிரம்பவே இல்லை. ஊரில் எனக்கு நல்ல பெயர், நாலைந்து இடத்தில் அதே வேலைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்தில் செய்தேன்.

மண்ணின் மேல் நாலடிதான் வடிகட்டி. அதற்குக் கீழே பாறை இடுக்கில் ஓடும் தண்ணீருக்கு வடிகட்டி கிடையாது. 600 அடி ஆழத்தில் நான் விட்ட கழிவு யாருடைய போரில் போய் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. விஷயம் புரிந்தபிறகு மூன்று வீட்டுக்கும் போய், என் செலவில் பைப்பை வெட்டி, போர் வாயில் களிமண் திணித்துக் கான்கிரீட் போட்டு அடைத்தேன். உள்ளே போனதை வெளியே எடுக்க வழி இல்லை. இன்றும் இந்த வேலைக்குக் கேட்டு வருகிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாமுங்க, உங்க பேரப்பிள்ளை குடிக்கிற தண்ணீருங்க என்று சொல்லி அனுப்புகிறேன். கேட்காமல் வேறு ஆளிடம் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

*

நொய்யல் கரை மண்ணுக்கு இன்னொரு நோயும் உண்டு. பல வருடம் சலவைப் பட்டறையும் சாயப்பட்டறையும் உப்பு கரைத்த தண்ணீரை ஆற்றில் விட்டன. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற ஏற்பாட்டுக்கு மாறிய பிறகுதான் பட்டறைகள் ஓடின. ஆற்றோரத்துப் போர்களில் ஏறிய உப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. அந்தத் தண்ணீர்தான் கழிப்பறைக்குப் போனது, அங்கிருந்து குழிக்குப் போனது.

மங்கலம் பக்கம் ஒரு வீட்டில் பத்து வருடம் ஒழுங்காக இருந்த குழி ஒரே மழைக்காலத்தில் அடைத்துக்கொண்டது. விசாரித்தால் சமீபத்தில்தான் காவிரித் தண்ணீர் குழாயில் வந்திருக்கிறது. போரை நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் அதையே புழங்கியிருக்கிறார்கள். நல்ல தண்ணீர் வந்ததும் குழி கெட்டது என்று வீட்டுக்காரர் சொன்னபோது நான் நம்பவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர்தான் ஒரு டம்ளரில் மழைத்தண்ணீர் பிடித்துவரச் சொன்னார். குழிச்சுவரிலிருந்து கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு மண்கட்டியை எடுத்து அதில் மெல்ல விட்டார். கால்மணி நேரம் யாரும் டம்ளரைத் தொடவில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி ஒரு கலங்கல் எழுந்து தண்ணீர் முழுக்கப் பரவியது.

"களர் புடிச்ச மண்ணு தம்பி. உப்புத்தண்ணி இருக்கிற வரைக்கும் கட்டிக்கிட்டு இருக்கும். நல்ல தண்ணி பட்டா சேறாக் கரைஞ்சு கண்ணடைச்சுக்கும். நாங்க இதுக்கு ஜிப்சம் போடுவோம்" என்றார்.

உப்பில் இருக்கும் சோடியம் களிமண்ணைப் பிடித்துக்கொள்கிறது. ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் அதை விரட்டி அந்த இடத்தில் உட்கார்ந்து மண்ணைத் திரும்பக் கட்டியாக்குகிறது. களர் நிலத்து விவசாயிக்கு இது பாலபாடம். அந்த வீட்டில் உறையைச் சுற்றி ஓரடி அகலத்துக்குக் கெட்ட மண்ணை எடுத்துவிட்டு ஒன்றரை இஞ்சு ஜல்லி நிரப்பி, வெளிச்சுவரில் ஜிப்சம் தூவி, மூன்று மாதம் வேறு குழிக்குத் தண்ணீரை மாற்றி வைத்தேன். பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஆற்றோர வீட்டுக்குப் போனால் கையில் ஒரு கண்ணாடி டம்ளரும் ஒரு பாட்டில் மழைத்தண்ணீரும் இருக்கும்.

*

குழிக்குள் ஆள் இறங்குவதைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. நான் வேலைக்கு வந்தபோது தொட்டி நிரம்பினால் வாளி கொண்டு அள்ளுவார்கள். அள்ளுவதற்கு ஆள் எப்போதும் ஒரே தெருவிலிருந்துதான் வந்தார்கள். அவர்களுக்குத் தனி டம்ளரில் டீ கொடுத்த வீடுகளில் நானும் டீ குடித்திருக்கிறேன். அது தப்பு என்று அன்று வாய் திறக்காமல் இருந்தது இன்றும் உறுத்துகிறது.

ஒருநாள் என்னிடம் வேலை செய்த பையன் ஒருவன் காலியான குழியில் விழுந்த வாளியை எடுக்க இறங்கினான். ஆறடி ஆழம், அடியில் முழங்கால் அளவு சேறு, தண்ணீர்கூட இல்லை. குனிந்தவன் நிமிரவில்லை. நல்லவேளையாக இடுப்பில் கயிறு இருந்தது. மூன்று பேர் சேர்ந்து இழுத்துப்போட்டு, முகத்தில் தண்ணீர் அடித்து, பிறகுதான் மூச்சு வந்தது. வாடையே இல்லையே அண்ணா என்றான். அந்த வாயுவின் கொடுமை அதுதான். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு மிஞ்சினால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும். வாடை நின்றுவிட்டது என்று நினைத்து இறங்குகிறவன் செத்துப்போகிறான். அவனைத் தூக்க இறங்குகிறவனும்.

2013இல் சட்டம் வந்தது, தொட்டிக்குள் ஆளைப் பாதுகாப்பில்லாமல் இறக்குவது குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. அதற்குப் பிறகும் 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறைத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் மூச்சுமுட்டி இறந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து போய்வருகிற தூரம். செய்தி கேட்ட அன்று என் பையன்கள் யாரும் சாப்பிடவில்லை. என்னிடம் வேலை செய்கிறவர்களை அப்படித்தான் சொல்வேன், என் பையன்கள்.

14420 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் லாரி வரும். லாரியின் குழாய் இறங்கட்டும், ஆள் இறங்க வேண்டாம். லாரிக்காரர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்றும் கேளுங்கள். ஒரு காலத்தில் இருட்டியபிறகு ஏதாவது ஒரு பள்ளத்தில் திறந்துவிட்டுப் போவார்கள். 2022இல் தமிழ்நாட்டு உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்திய பிறகு லாரிகளுக்கு உரிமம் கட்டாயம். கொண்டுபோய் ஒப்படைக்கச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் கசடுக்கென்றே ஒன்று கட்டியிருக்கிறார்கள். கேட்கிற வீட்டுக்காரர் இருந்தால் லாரிக்காரரும் சரியாக இருப்பார்.

*

லைன் வீட்டுக்கு வருகிறேன்.

இரண்டு நாள் கேட்டேன் அல்லவா, முதல் நாள் பின்பக்கக் காலி இடத்தில் மூன்று இடத்தில் நாலு இஞ்சு அகலத்தில் துளை போட்டேன். ஓரத்தை ஆணியால் கீறிவிட்டு, அடியில் கொஞ்சம் ஜல்லி போட்டு, தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க ஊறவிட்டேன். காய்ந்த மண்ணில் உடனே சோதித்தால் ஏமாற்றிவிடும். எந்த மண்ணும் முதல் குடம் தண்ணீரைக் குடிக்கும். மறுநாள் காலையில் திரும்ப ஊற்றி, ஒரு குச்சியில் கோடு கிழித்து, ஒரு இஞ்சு இறங்க எத்தனை நிமிடம் என்று பார்த்தேன். இரண்டு துளையில் 14 நிமிடம், ஒன்றில் 17. செம்மண்ணும் சரளையும் கலந்த நல்ல மண். 30 நிமிடத்தைத் தாண்டியிருந்தால் உறைக்குழியை மறந்துவிட வேண்டும். 60ஐத் தாண்டினால் மண்ணையே நம்ப முடியாது. நம் பக்கம் கரிசக்காட்டில் 60 தாண்டுவது சாதாரணம்.

பிறகு கணக்கு. தொட்டி ஆறுக்கு மூன்று, தண்ணீர் ஆழம் ஐந்தடி. ஏறக்குறைய 2500 லிட்டர். கழிப்பறைத் தண்ணீர் ஆளுக்கு 30 லிட்டர் என்றாலும் 40 பேருக்கு 1200. அதோடு குளிக்கிற, துவைக்கிற தண்ணீரும் அதே தொட்டிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. பாதிக்குமேல் மண்டி நின்ற தொட்டியில் கழிவு அரை நாள்கூடத் தங்கவில்லை. மண்டியும் நூலும் நேராகக் குழிக்குப் போயிருக்கின்றன. குழியின் சுவர் மொத்தமும் சேர்த்து ஏழு சதுர மீட்டர். அந்த மண் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் 210 லிட்டர். 1200 லிட்டரை ஒரு குழி எப்படிக் குடிக்கும்? பெரிதாக இன்னொன்று தோண்டியிருந்தாலும் ஒரு மழைக்குத்தான் தாங்கும்.

ஆத்தாவிடம் தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். பின்னால் 60 அடிக்கு 40 அடி காலி இடம். பீஸ் ஏற்றும் டெம்போ நிற்க விட்டிருந்தார். வீட்டுச் சுவரிலிருந்து 20 அடி தள்ளி, முன்பக்கக் கிணற்றிலிருந்து 60 அடிக்குக் குறையாமல் விலகி, நீளவாக்கில் மூன்று காய்ச்சல்கால் எடுக்கலாம் என்றேன். காய்ச்சல்கால் என்பது நான் வைத்த பெயர். ஒவ்வொன்றும் 55 அடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி ஆழம், நடுவில் ஆறடி இடைவெளி. அடியில் கழுவிய ஜல்லி, அதன்மேல் துளையிட்ட நாலு இஞ்சு பைப், மேலே மறுபடி ஜல்லி, தென்னை நார் விரிப்பு, மண். இரண்டு கால் ஓடும், ஒன்று ஆறும். நாலு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

"டெம்போவை எங்க நிறுத்தறது?"

"ரோட்டுல நிக்கட்டுங்க ஆத்தா. மேல வண்டி ஏறுனா மண்ணு இறுகிக்கும். கான்கிரீட்டும் போடக் கூடாது, டைல்ஸும் கூடாது."

கொஞ்ச நேரம் யோசித்தார். டெம்போ வாடகையையும் லாரிக் கூலியையும் விரல்விட்டு எண்ணினார். பிறகு, "செரி, தோண்டு" என்றார்.

பதினொரு நாள் வேலை. ஜேசிபியைக் காலின் மேலே ஏற விடவில்லை; பக்கத்தில் நின்றே தோண்டச் சொன்னேன். வாளி உரசிய சுவர் பளபளவென்று மெழுகியது போலிருக்கும், அதில் தண்ணீர் இறங்காது. முழு நீளத்துக்கும் கடப்பாரை முனையால் கீறிவிட்டோம். அடிமட்டம் சமமாக இருக்கிறதா என்று டியூப் லெவல் வைத்து மூன்று தடவை பார்த்தேன். ஒரு பக்கம் சரிந்தால் அந்தக் கோடிதான் எல்லாவற்றையும் குடித்து முதலில் சாகும். தொட்டிக்கும் கால்களுக்கும் நடுவில் ஒரு சின்னச் செங்கல் பெட்டி கட்டி, மூன்று வாய் வைத்து, ஓய்வெடுக்கும் வாய்க்கு ஒரு மூடிக்கல் கொடுத்தேன். குளிக்கிற தண்ணீரைப் பிரித்துக் கல்வாழைப் பாத்திக்கும் நாலு வாழைக்கும் விட்டோம். ஒழுகிக்கொண்டிருந்த இரண்டு குழாயை மாற்றினோம். குழாய் ஒழுகினால் இரவு முழுக்க மண்ணுக்கு உறக்கம் இல்லை. கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் வராதபடி வரப்பு எடுத்தோம். மேலே மரம் வேண்டாம், முருங்கைகூட வேண்டாம், வேர் பைப்பைத் தேடி வந்துவிடும். கொழுக்கட்டைப்புல் விதையை மாமனார் ஊரிலிருந்து கொண்டுவந்து தூவினேன்.

ஆசிட் ஊற்ற வேண்டாம் என்று அறை அறையாகச் சொன்னேன். கடையில் விற்கும் பொடிகளைப் பற்றியும் கேட்டார்கள். தொட்டியில் இல்லாத நுண்ணுயிர் எதுவும் அந்தப் பொட்டலத்தில் இல்லை. மண்ணின் கண் அடைத்ததை எந்தப் பொடியும் திறக்காது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் வாங்கிக் கழிப்பறைக் கதவுக்குப் போடலாம் என்று என் மனைவிதான் சொன்னாள்.

பனியன் துண்டுகளின் காரணத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். கழிப்பறையில் துணி போடாதீர்கள் என்று நான் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பெண்களோடு உட்கார்ந்து பேசினாள். பனியன் கம்பெனியில் மிஞ்சும் கட்டிங் வேஸ்டை மாதவிலக்கு நாட்களுக்கு எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நல்ல பருத்தி, மிருது, காசு இல்லை. பயன்படுத்தியதை எறிய அந்தக் காம்பவுண்டில் இடமே இல்லை. திறந்த குப்பைத்தொட்டி ரோட்டோரத்தில், ஆண்கள் டீ குடிக்கும் கடைக்கு எதிரில். கைமடிக்கப் போகும் பத்தொன்பது வயதுப் பெண் வேறு எங்கே போடுவாள்? கழிப்பறைக்குள்ளேயே மூடி வைத்த ஒரு வாளியும், பழைய செய்தித்தாளும், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சோப்பும் வைக்க ஏற்பாடு செய்தோம். வாளியை எடுத்துப் போகும் அம்மாவுக்குக் கையுறையும் மாதம் ஒரு தொகையும் ஆத்தா கொடுக்கிறார். அதற்குப் பிறகு அந்த டீ பைப்பில் நான் நூல் பார்க்கவில்லை.

லாரி இப்போது வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. 40 பேருக்கு அந்தத் தொட்டி அவ்வளவுதான் தாங்கும். குடும்பம் மட்டும் இருக்கிற வீட்டில் இரண்டு மூன்று வருடம் தாங்கும். மண்டியும் ஆடையும் சேர்ந்து பாதி ஆழத்தைத் தொட்டதா என்று ஒரு நீளக் குச்சியில் துணி சுற்றி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போது எடுத்துவிட வேண்டும். பொங்கும்வரை காத்திருந்தால் மண்டி கால்களுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

பழைய உறைக்குழியை வறட்டி, மூடியை ஒரு கல் வைத்துத் தூக்கிக் காற்றுப் போகும்படி கம்பிவலை கட்டி, ஒரு வருடம் அப்படியே விட்டிருந்தேன். சென்ற புரட்டாசியில் போய்த் திறந்தேன். மீட்டர் வைத்து வாயு பார்த்துவிட்டு, இறங்காமல், நீளக் கைப்பிடிக் கரண்டியால் உறை இடுக்கிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்தேன். கறுப்பு இல்லை. காவிப் பழுப்பு. உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தால் உதிர்ந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முதல் மழை விழுந்த காட்டின் வாசம்தான் வந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். பையன்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது.

ஆத்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தினசரி நாட்காட்டியில் தை, வைகாசி, புரட்டாசி மூன்றுக்கும் முதல் தேதியைப் பேனாவால் சுழித்து வைத்திருந்தார். கையில் வளைத்த கம்பி ஒன்று.

"இன்னிக்கு ரெண்டாவதை மூடி மூணாவதைத் தொறக்கோணும், அப்படித்தான கண்ணு?"

"ஆமாங்க ஆத்தா. குடுங்க, நான் மாத்தறன்."

"நீ தள்ளு" என்று சொல்லிவிட்டுச் செங்கல் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பியைக் கல்லின் வளையத்தில் மாட்டினார்.